விழாத பந்துக்கு யார் பொறுப்பு?

2025 மே மாதம் பாஸ்டன் செல்டிக்ஸ் அணி, சொந்த ஊரில், இரண்டே ஆட்டங்களில், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று சரியாக 100 முறை வளையத்தை நோக்கி வீசியது. முதல் ஆட்டத்தில் 60 வீசி 15 விழுந்தன. இரண்டாவதில் 40 வீசி 10. என்.பி.ஏ.யின் அப்போதைய சாம்பியன், இரண்டு ஆட்டங்களிலும் 20 புள்ளி முன்னிலை கண்டும், நியூயார்க் நிக்ஸிடம் 108-105, 91-90 என்று கோட்டைவிட்டது. முதல் ஆட்டத்தில் தவறிய 45 வீச்சுகள், ப்ளே-ஆஃப் ஆட்டம் ஒன்றில் அதுவரை எந்த அணியும் தொடாத எண்ணிக்கை.

இங்கே கேரளத்தின் விதுராவில் அந்த ஆட்டங்கள் விடிவதற்கு முன் நாலரைக்குத் தொடங்கின. பொன்முடி அடிவாரத்தில் கோடை மழை கரண்டைப் பிடுங்காமல் இருந்தால் பார்க்கலாம். எங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கும் ஐசர் அறிவியல் நிறுவன மாணவன், திருநெல்வேலிப் பையன், இரண்டாவது ஆட்டம் முடிந்த கையோடு கேட்டான்: "அண்ணே, இது நிக்ஸ் பண்ணதா, தானா நடந்ததா?"

இன்றைய கூடைப்பந்தில் பயிற்சியாளர்கள் தூக்கத்தைத் தொலைப்பது இந்தக் கேள்வியில்தான். மூன்று புள்ளி வீச்சை ஓர் அணி உண்மையிலேயே தடுக்க முடியுமா? எதிரணி தவறவிடும்போது தடுப்பாட்டம் நன்றாக இருந்தது என்று பின்னால் சொல்லிக்கொள்கிறோமா? ஒரே எதிரியை ஏழு ஆட்டம் வரை சந்திக்கும் ப்ளே-ஆஃபில் இதற்கான விடை மாறுமா?

முதலில் கோட்டின் கதை, சுருக்கமாக. 1961இல் ஏப் சேபர்ஸ்டீன் தொடங்கி விரைவில் மூடிய ஒரு லீக்கில் அந்தக் கோடு வந்தது. 1967இல் இன்னொரு லீக்கான ஏ.பி.ஏ. அதை எடுத்துக்கொண்டது. என்.பி.ஏ. 1979இல்தான் ஏற்றது, அவ்வாண்டு அக்டோபர் 12 அன்று பாஸ்டனின் கிறிஸ் ஃபோர்ட் போட்டது முதல் த்ரீ. அந்தப் பருவத்தில் ஓர் அணி ஆட்டத்துக்குச் சராசரியாக மூன்று முறைகூட அங்கிருந்து வீசவில்லை. பலருக்கு அது வேடிக்கை வீச்சு. 2024-25 பருவத்தில் சராசரி 37ஐத் தாண்டிவிட்டது. பாஸ்டன் மட்டும் 48 வீசியது.

காரணம் எளிய பெருக்கல். 100க்கு 35 விழுந்தால் ஒரு த்ரீயின் மதிப்பு சராசரியாக 1.05 புள்ளி. கோட்டுக்குச் சற்று உள்ளே நின்று வீசும் நடுத்தர வீச்சு 100க்கு 40 விழுந்தாலும் 0.80தான். வளையத்துக்கு அடியில் போய்ப் போட்டால் 100க்கு 60க்கு மேல் விழும், அது 1.20க்கும் மேல். ஆகவே தடுப்பவன் அடைக்க வேண்டியவை இரண்டு இடங்கள்: வளையத்தடி, கோட்டுக்கு வெளி. நடுவில் வீசுபவனுக்குக் கும்பிடு போட்டு வழிவிடலாம். ஆனால் என்.பி.ஏ.யில் மேல்பகுதிக் கோடு வளையத்திலிருந்து 7.24 மீட்டர். வளையத்தடியையும் அந்த வளைவையும் ஒரே நேரத்தில் அடைக்க ஐந்து பேர் போதாது. எல்லாத் தடுப்பு முறைகளும் இந்தப் பற்றாக்குறையை எப்படிப் பங்கிடுவது என்பதிலிருந்தே பிறக்கின்றன.

இனி அந்தப் பையனின் கேள்விக்கு. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தை நெடுங்காலமாகப் புள்ளிவிவரத்தால் அலசிவருபவர் கென் போமராய். அவர் செய்தது எளிய சோதனை. பருவத்தின் முற்பாதியில் எதிரணிகளை மோசமான சதவீதத்தில் த்ரீ வீச வைத்த அணிகள், பிற்பாதியிலும் அப்படியே செய்கின்றனவா? அநேகமாக இல்லை. முற்பாதி எண்ணை வைத்துப் பிற்பாதியைச் சொல்ல முடியவில்லை. ஆனால் எதிரணி எத்தனை த்ரீ வீசியது என்ற எண்ணிக்கை மட்டும் அணிக்கு அணி நிலையாக நின்றது. கோட்டுக்கு வெளியே வீச விடாத அணி பருவம் முழுவதும் விடவில்லை. வீச விட்ட அணி விட்டுக்கொண்டே இருந்தது. போமராயின் முடிவு: விழும் சதவீதத்தின் மேல் தடுப்பாட்டத்துக்குப் பிடி மிகக் குறைவு, வீசும் எண்ணிக்கையின் மேல் பிடி உண்டு.

இதை முதலில் படிக்கும் பயிற்சியாளர் எவரும் கோபப்படுவார். கையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் முகத்துக்கு நேரே நிற்பது வீண் வேலையா? வீணில்லை. 2013-14 முதல் என்.பி.ஏ. அரங்குகள் எல்லாவற்றிலும் ஆட்டக்காரர்களின் இருப்பிடத்தைக் குறிக்கும் கேமராக்கள் உள்ளன. வீசுபவனுக்கும் மிக அருகில் இருக்கும் தடுப்பவனுக்கும் எத்தனை அடி இடைவெளி என்று ஒவ்வொரு வீச்சுக்கும் கணக்கு உண்டு. ஆறடிக்கு மேல் ஆளே இல்லாமல் வீசுவது, நான்கடிக்குள் கை நீண்டிருக்க வீசுவதைவிட நன்றாகவே விழுகிறது. ஆனால் வீச்சாளன் முட்டாளில்லை. கை முகத்தில் இருந்தால் பெரும்பாலும் வீசாமல் பந்தை அடுத்தவனுக்குத் தள்ளிவிடுகிறான். நல்ல தடுப்பாட்டத்தின் பெரும்பகுதி சதவீதத்தில் தெரியாமல், வீசப்படாத வீச்சாக ஒளிந்துகொள்கிறது. போமராய் சொன்னதும் பயிற்சியாளர் சொல்வதும் மோதவில்லை என்றே எனக்குப் படுகிறது. இருவரும் ஒரே வேலையை இரண்டு பக்கத்திலிருந்து பார்க்கிறார்கள்.

அந்த வேலை களத்தில் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

பல த்ரீக்கள் பிறப்பது பிக்-அண்ட்-ரோலில். பந்தை வைத்திருப்பவனைக் காப்பவன் மீது, ஓர் உயரமான ஆள் வந்து சுவர்போல நிற்கிறான்; அதுதான் ஸ்க்ரீன். காப்பவன் அந்தச் சுவரைச் சுற்றி எந்தப் பக்கமாகப் போவது? பின்பக்கமாக, வளையத்தை ஒட்டிப் போனால் வழி குறுகியது. ஆனால் பந்துள்ளவன் சுவருக்கு மேலேயே நின்று நிதானமாக வீசிவிடுவான். முன்பக்கமாக, வீச்சாளனின் இடுப்பை ஒட்டிக்கொண்டு போனால் வீச விடாமல் துரத்தலாம். ஆனால் ஓரடி பின்தங்கியே துரத்த வேண்டும், அவன் உள்ளே புகுந்துவிடுவான். அப்போது சுவர்க்காரனைக் காத்துவந்த உயர ஆள் என்ன செய்கிறான் என்பதில்தான் ஓர் அணியின் தடுப்புக் கொள்கை வெளிப்படும். வளையத்தடிக்குப் பின்வாங்கி நின்றால் அது ட்ராப். முன்னே பாய்ந்து பந்துள்ளவனை ஓரிரு நொடி மறித்துத் திரும்பினால் அது ஷோ. இருவரும் ஆளை மாற்றிக்கொண்டால் அது ஸ்விட்ச். பந்துள்ளவனை ஸ்க்ரீன் பக்கமே போகவிடாமல் பக்கக் கோட்டை நோக்கித் தள்ளினால் அது ஐஸ்.

இந்த ஐஸ் முறையைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் டாம் திபடோ. 2008இல் பாஸ்டன் பட்டம் வென்றபோது உதவிப் பயிற்சியாளராக இருந்து அதன் தடுப்பைக் கட்டியவர். பந்து இருக்கும் பக்கம் மூன்று, சில நேரம் நான்கு பேரை நெருக்கி நிறுத்துவார். எதிர்ப்பக்க மூலைக்குப் பந்து போய்ச் சேர நீளமான, உயரமான பாஸ் தேவைப்படும். அந்தப் பாஸ் காற்றில் இருக்கும் நேரத்தில் ஆள் ஓடிப்போய்ச் சேர்ந்துவிடுவான். மூலை த்ரீ மிக ஆபத்தானது. அங்கே கோடு 6.70 மீட்டர்தான், மேலே இருப்பதைவிட அரை மீட்டர் கிட்ட. 2025இல் பாஸ்டனை அந்த 100 வீச்சுகளில் திணறடித்த நிக்ஸின் பயிற்சியாளரும் இதே திபடோதான். அடுத்த சுற்றில் இந்தியானாவிடம் தோற்றதும் நிக்ஸ் அவரை அனுப்பிவிட்டது. தொழில்முறைக் கூடைப்பந்தின் நன்றியுணர்வு இவ்வளவுதான்.

உதவிக்குப் போனவன் திரும்பி ஓடி வருவதற்கு க்ளோஸ்-அவுட் என்று பெயர். பார்க்க எளிது, செய்யக் கடினம். வளையத்தடியிலிருந்து கோடு வரை முழு வேகத்தில் ஓட வேண்டும். கடைசி இரண்டு எட்டில் வேகத்தை அடக்கிச் சின்னக் காலடிகளாக்க வேண்டும். வீசும் கைப்பக்கம் கை உயர வேண்டும். ஆனால் குதிக்கக் கூடாது. குதித்தால் வீச்சாளன் பாசாங்கு காட்டிப் பக்கத்தில் ஓரடி நகர்ந்து நிம்மதியாக வீசுவான். சில அணிகள் வேண்டுமென்றே வேகத்தை அடக்காமல் வீச்சாளனின் கையைக் கடந்து ஓடச் சொல்கின்றன. "வீசாதே, உள்ளே வா" என்பது அதன் பொருள். உள்ளே வந்தால் உயர ஆள் காத்திருப்பான். வீச்சாளனின் கண்ணுக்கு நேரே உள்ளங்கையை விரித்துப் பிடிக்கும் ஷேன் பேட்டியர் பாணியும் உண்டு. கோபி பிரையன்ட்டை அவர் அப்படிக் காத்ததை 2009இல் மைக்கேல் லூயிஸ் எழுதிய நீண்ட கட்டுரை உலகமெங்கும் பரப்பியது.

ஓடி வருபவனின் கால் எங்கே இறங்குகிறது என்பதும் இப்போது சட்ட விஷயம். 2017 மே 14 அன்று மேற்குப் பிரிவு இறுதியின் முதல் ஆட்டம். சான் அன்டோனியோ 23 புள்ளி முன்னிலையில் இருந்தது. காவி லெனர்ட் வீசிவிட்டு இறங்கும்போது, நெருங்கி வந்த எதிரணியின் ஸாஸா பச்சூலியாவின் பாதத்தின் மேல் அவர் கால் விழுந்து கணுக்கால் பிசகியது. லெனர்ட் வெளியேறினார், சான் அன்டோனியோ 113-111 எனத் தோற்றது, அந்தத் தொடரில் லெனர்ட் மறுபடி ஆடவில்லை. அடுத்த பருவம் முதல் வீச்சாளன் இறங்கும் இடத்தைப் பறிப்பது கடும் ஃபவுலாகலாம் என்று என்.பி.ஏ. கண்டிப்பாக்கியது. நியாயமான சட்டம். ஆனால் அதன் விலையைத் தடுப்பவன் கொடுக்கிறான்: கோட்டில் இன்னும் அரையடி இடைவெளி விட்டு நிற்க வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் பருவம் முழுக்க எல்லா அணிகளும் செய்வதுதான். ப்ளே-ஆஃபில் என்ன மாறுகிறது?

82 ஆட்டப் பருவத்தில் இன்று ஓர் ஊர், நாளை மறுநாள் இன்னோர் ஊர். எதிரணிக்கென்று தனித் திட்டம் போட நேரமில்லை. தன் அணியின் பொதுத் திட்டமே ஓடும். ப்ளே-ஆஃபில் அதே ஐந்து பேரை இரண்டு வாரம் தொடர்ந்து பார்க்கிறோம். யாருக்கு எந்த மூலை பிடிக்கும், யார் இடக்கைப் பக்கம் ஒரு துள்ளல் வைத்த பிறகே வீசுவான் என்பதெல்லாம் மனப்பாடமாகிவிடுகிறது. 2013 இறுதித் தொடரை எடுத்துக்கொள்வோம். சான் அன்டோனியோவின் டேனி கிரீன் முதல் ஐந்து ஆட்டங்களில் 38 த்ரீ வீசி 25 போட்டார். நம்ப முடியாத கை. அதற்குள் இறுதித் தொடர் சாதனையையும் உடைத்துவிட்டார். மயாமி ஹீட் பிறகு அவரை விட்டு நகரவே மறுத்தது. யார் உள்ளே புகுந்தாலும் கிரீனைக் காப்பவன் உதவிக்குப் போகவில்லை. கடைசி இரண்டு ஆட்டங்களில் அவர் வீசியது 11, விழுந்தது 2. எப்படியும் 65 சதவீதம் நிலைக்காது, இறங்கித்தான் ஆக வேண்டும் என்பது உண்மை. ஆனால் எண்ணிக்கையும் இறங்கியது, வீசிய விதமும் மாறியது. என் தராசில் அது மயாமியின் கைவேலை.

யாரைக் காப்பது என்பதன் மறுபக்கம், யாரைக் கைவிடுவது. 2015இல் மெம்ஃபிஸிடம் 2-1 எனப் பின்தங்கியிருந்த கோல்டன் ஸ்டேட், நான்காவது ஆட்டத்தில் தன் சென்டர் ஆண்ட்ரூ போகட்டை டோனி ஆலனைக் காக்கச் சொன்னது. ஆலன் லீக்கின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர்களில் ஒருவர், ஆனால் வெளியிலிருந்து வீசத் தெரியாதவர். போகட் அவர் பக்கமே போகாமல் வளையத்தடியில் குடியிருந்தார். ஆலன் தனியாக நின்றார். தன்னால் அணிக்கு வழி அடைபடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோல்டன் ஸ்டேட் தொடர்ந்து மூன்று ஆட்டங்களை வென்று தொடரை முடித்தது.

இதே வித்தை 2022இல் மில்வாக்கியின் காலை வாரியது. பாஸ்டனுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் கிரான்ட் வில்லியம்ஸை வீச விடலாம் என்று முடிவு செய்தார்கள். அவரும் வீசினார், 18 த்ரீ, 7 விழுந்தன, 27 புள்ளி. அதே ஆட்டத்தில் மில்வாக்கி 33 வீசி 4 போட்டது. 109-81 எனத் தோற்றது. வில்லியம்ஸை விட்டது தவறான முடிவா? 18க்கு 7 என்பது 39 சதவீதம். இரண்டு குறைந்து 5 ஆகியிருந்தால் அதைச் சாமர்த்தியம் என்று எழுதியிருப்பார்கள். 33க்கு 4 விழுந்த அணி வேறு எந்தத் திட்டம் போட்டிருந்தாலும் அன்று தோற்றிருக்கும். இந்தத் துறையில் எழுதுபவர்கள் முடிவைப் பார்த்துத் திட்டத்துக்கு மதிப்பெண் போடும் பழக்கத்தை விட்டால் பாதிச் சண்டை தீரும்.

மில்வாக்கிக்கு அது பழைய நோய். மைக் பூடன்ஹோல்ஸரின் கீழ் 2018-19இல் 60 ஆட்டம் வென்றது; லீக்கின் மிகச் சிறந்த தடுப்பு. அதன் ரகசியம் ப்ரூக் லோபஸ் வளையத்தடியில் பின்வாங்கி நிற்கும் ட்ராப். வளையத்தடி அடைபட்டது, பதிலுக்கு மேல்பகுதியில் த்ரீ தாராளமாகக் கொடுக்கப்பட்டது. பருவத்தில் இந்த வியாபாரம் லாபம். கிழக்குப் பிரிவு இறுதியில் டொரான்டோவுக்கு எதிராக முதல் இரண்டு ஆட்டம் வென்றார்கள். பிறகு நான்கும் தோற்றார்கள். டொரான்டோவின் ஃப்ரெட் வான்வ்லீட் கடைசி மூன்று ஆட்டங்களில் 17 த்ரீ வீசி 14 போட்டார். அதில் அதிர்ஷ்டம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த இடம் திறந்திருக்கும் என்று டொரான்டோவுக்குத் தெரியும். தெரிந்தே ஒவ்வொரு முறையும் அங்கே பந்தைக் கொண்டுபோனார்கள். அடுத்த ஆண்டு மயாமியும் 4-1 என அதே வாசலில் நுழைந்தது. 2021இல் மில்வாக்கி ஸ்விட்ச் செய்யக் கூடிய பி.ஜே. டக்கரையும் ஜூரூ ஹாலிடேயையும் வைத்துக்கொண்டு, தேவைப்பட்ட நேரத்தில் ட்ராப்பைக் கைவிட்டு, பட்டம் வென்றது. ஒரே பூட்டைத் தொங்கவிட்டால் ஏழு ஆட்டத்துக்குள் சாவி செய்துவிடுவார்கள்.

அதே 2019இல் டொரான்டோ செய்த இன்னொன்று, ஸ்கார்பரோத் தமிழர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பது. இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் கோல்டன் ஸ்டேட்டின் கெவின் டுராண்ட் காயத்தில் இருந்தார். கிளே தாம்சனும் பாதியில் வெளியேறினார். டொரான்டோ பயிற்சியாளர் நிக் நர்ஸ், பெரும்பாலும் பள்ளிப் போட்டிகளில் பார்க்கக் கூடிய பாக்ஸ்-அண்ட்-ஒன்னை எடுத்தார்: நான்கு பேர் சதுரமாக நிற்க, வான்வ்லீட் மட்டும் ஸ்டெஃப் கரியின் நிழலாக. அந்த ஆட்டத்தை டொரான்டோ தோற்றது, தொடரை வென்றது. 2016இல் ஒரே பருவத்தில் 402 த்ரீ போட்ட ஆளுக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அந்தச் சதுரம் என்பேன்.

ஸ்விட்ச் பற்றி ஒரு காட்சி. 2016 ஜூன் 19, இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம், கடைசி நிமிடம், 89-89. கிளீவ்லேண்ட் ஒரு ஸ்க்ரீன் வைத்து, கரியைக் கைரி இர்விங் முன் கொண்டுவந்து நிறுத்தியது. இர்விங் வலப்பக்கம் நகர்ந்து கரியின் கைக்கு மேல் வீசினார்; விழுந்தது; 53 நொடி மிச்சம். மறுமுனையில் கோல்டன் ஸ்டேட்டும் அதையே செய்தது: உயரமான, மெதுவான கெவின் லவ்வை ஸ்விட்சில் கரி முன் இழுத்தது. ஊரில் யாரைக் கேட்டாலும் கரிக்குத்தான் பணம் கட்டியிருப்பார்கள். கரி இப்படியும் அப்படியும் போக்குக் காட்டினார். லவ் கால்களை அகல வைத்து, கையைத் தூக்கி, ஒட்டிக்கொண்டே நகர்ந்தார். வீச்சு தவறியது. இரண்டும் கடினமான வீச்சுகள், இரண்டிலும் தடுப்பவன் கை முகத்தில். ஒன்று விழுந்தது, ஒன்று விழவில்லை; ஒரு பட்டம் இடம் மாறியது. லவ் நன்றாகத் தடுத்தார். கரியும்தான் தடுத்தார்.

அப்படியானால் அதிர்ஷ்டத்துக்கு எவ்வளவு பங்கு? இங்கே கொஞ்சம் கணக்கு தேவை. 2018 மே 28, மேற்குப் பிரிவு இறுதியின் ஏழாவது ஆட்டம். ஹியூஸ்டன் ராக்கெட்ஸ் இடைவேளையில் 11 புள்ளி முன்னிலை. ஆனால் ஆட்டத்தின் நடுவே தொடர்ச்சியாக 27 த்ரீ தவறியது. மொத்தம் 44க்கு 7. கோல்டன் ஸ்டேட் 101-92 என வென்றது. 35 சதவீத அணி அடுத்த 27ஐயும் தவறவிடும் வாய்ப்பு லட்சத்தில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. 44 வீச்சுக்குள் எங்காவது அப்படி ஒரு வரிசை விழ, பதினைந்து பதினாறாயிரத்தில் ஒன்று. வெறும் அதிர்ஷ்டம் என்று தள்ள முடியாத அளவுக்கு அரிது. கிறிஸ் பால் தொடைத் தசைக் காயத்தால் இல்லை. மிச்சம் இருந்தவர்கள் அளவுக்கு மீறி ஆடியிருந்தார்கள். காலில் வலுவில்லாவிட்டால் தொலைவீச்சு முன்விளிம்பில் பட்டுத் திரும்பும். எதிரியின் கால்களைத் தளர வைப்பதும் தடுப்பாட்டக் கணக்கில் சேரும். அது எந்தப் புள்ளிவிவரத்திலும் தனியாக வராது.

பாஸ்டன் 100க்கு 25 போட்டதற்கு இதே கணக்கைப் போட்டால், பருவம் முழுக்க 37 சதவீதம் அளவில் வீசிய அணி 25 அல்லது அதற்குக் கீழே இறங்க நூற்றில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்பு. இதைக் கேட்டதும் "பார்த்தீங்களா, நிக்ஸ்தான்" என்றான் பையன். அங்கேதான் பொறி. ஒவ்வோர் ஆண்டும் ப்ளே-ஆஃபில் 15 தொடர்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு அணிகள், ஒவ்வோர் அணிக்கும் பல இரட்டை ஆட்டங்கள். நூற்றில் ஒன்று என்பது அத்தனை இடங்களில் தேடினால் ஆண்டுக்கு ஒருமுறை எங்காவது அகப்படும். அகப்பட்ட இடத்தைப் பற்றித்தான் நாம் பேசுவோம். மூன்றாவது ஆட்டம் வேறு இருக்கிறது: அதே திபடோ, நிக்ஸின் தடுப்பைத் தாங்கிய அதே ஓஜி அனுனோபி, அதே மிக்கல் பிரிட்ஜஸ்; பாஸ்டன் 40 வீசி 20 போட்டு 115-93 என வென்றது.

ஆகவே என் பதில் இது. பாஸ்டன் தவறவிட்டதில் பெரும்பங்கு நிக்ஸுடையது இல்லை. நிக்ஸ் செய்தது வேறு: ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் பாஸ்டனை வளையத்தடிக்குப் போகவிடாமல் அடைத்து, வேறு வழியில்லாமல் த்ரீயிலேயே தொங்க வைத்தது, இரண்டு ஆட்டங்களிலும் கடைசிப் பந்தை மிக்கல் பிரிட்ஜஸ், ஒருமுறை ஜேலன் பிரவுனிடமிருந்தும் மறுமுறை ஜேசன் டேட்டமிடமிருந்தும், கையிலிருந்தே பறித்தார். வீசப்படாத வீச்சுக்குத்தான் தடுப்பவன் முழுமையாக உரிமை கொண்டாடலாம். 2023இல் எட்டாம் இடத்து மயாமி, ஆளுக்குப் பதில் இடத்தைக் காக்கும் ஜோன் தடுப்பை அடிக்கடி மாற்றி மாற்றி ஆடி, ஏழாவது ஆட்டத்தில் இதே பாஸ்டனை 42க்கு 9 வீச வைத்ததையும் நான் இப்படித்தான் படிக்கிறேன். ஜோன் பாஸ்டனைத் தயங்க வைத்தது, வெளியே நிறுத்தியது. 9 என்பது 14 ஆகியிருந்தால் ஆட்டம் நெருங்கியிருக்கும்.

மூன்று புள்ளி முன்னிலையில் கடைசி நொடிகளில் என்ன செய்வது என்பது தனிப் பஞ்சாயத்து. வீச விடாமல் முன்பே ஃபவுல் செய்து இரண்டு ஃப்ரீ த்ரோ கொடுத்துவிடு என்பது ஒரு கட்சி; வீசும்போது ஃபவுலாகிவிட்டால் மூன்று ஃப்ரீ த்ரோ, ஆபத்து என்பது மறு கட்சி. எல்லோரும் காட்டும் சான்று 2013 ஜூன் 18, மேலே சொன்ன மயாமி இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். சான் அன்டோனியோ 95-92 முன்னிலை. லெப்ரான் ஜேம்ஸின் த்ரீ தவறியது. சான் அன்டோனியோ பயிற்சியாளர் பாப்போவிச் எல்லாரையும் ஸ்விட்ச் செய்ய வசதியாக டிம் டங்கனை வெளியே உட்கார வைத்திருந்தார். உயரம் இல்லாத வளையத்தடியில் கிறிஸ் போஷ் ரீபவுண்டைப் பிடித்தார், வலது மூலைக்குப் பின்நடையாகவே போய், கோட்டைப் பார்க்காமல் காலை ஊன்றிய ரே ஆலனிடம் தந்தார், 5.2 நொடி மிச்சம் இருக்கையில் சமன். மயாமி கூடுதல் நேரத்தில் 103-100 என வென்று, ஏழாவது ஆட்டத்தையும் வென்றது. இதை ஃபவுல் செய்யாததன் பாடமாகச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. 19 நொடி இருக்கையில் ஃபவுல் செய்தால் ஆட்டம் ஃப்ரீ த்ரோ லாட்டரியாகிவிடும். முதல் த்ரீயைச் சரியாகத்தான் தடுத்தார்கள். தொலைவீச்சு தவறினால் பந்து தொலைவாகத் துள்ளும். அதைப் பிடிக்கும் வரை தடுப்பு முடியவில்லை. டங்கனை வெளியே வைத்துப் பெற்ற லாபத்தை ரீபவுண்டில் இழந்தார்கள். ஐந்தாறு நொடிக்குக் கீழே வந்துவிட்டால், பந்துள்ளவன் முதுகைக் காட்டி நிற்கும்போது ஃபவுல் செய்துவிடலாம் என்பது என் கட்சி.

நம் பக்கத்துக்கு வருவோம். இங்கே ஆடுவது சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபாவின் விதி. 1984இல் கோட்டை 6.25 மீட்டரில் போட்ட ஃபீபா, 2010இல் 6.75க்குத் தள்ளியது, மூலையில் 6.60. என்.பி.ஏ.யில் 2001 முதல், யாரையும் காக்காமல் வளையத்தடியில் மூன்று நொடிக்கு மேல் நிற்பது தப்பு. ஃபீபாவில் அந்தத் தடை இல்லை. உயரமான ஆளை வளையத்தடியில் நட்டுவைக்கலாம். ஆகவே நம் களங்களில் வளையத்தடியை அடைப்பது சுலபம், வெளியே திறந்துகிடப்பதும் சுலபம். கோட்டயம் மாவட்டத்து கீது அன்னா ஜோஸ் போன்ற ஒரு சென்டர் உள்ளே நின்றால் மூன்று பேர் அவரையே மொய்ப்பார்கள். மூலையில் நிற்பவள் மூச்சு வாங்கிக்கொண்டு வீசலாம்.

பெரிய வித்தியாசம் இன்னொன்று. இங்கே தொடர் கிடையாது. பெரும்பாலும் ஒற்றை ஆட்டம். தோற்றால் பெட்டி கட்ட வேண்டியதுதான். 2014 ஜூலையில் வூகானில் இந்தியா சீனாவை 65-58 என அதன் மண்ணிலேயே வென்றது. 2018 ஜனவரியில் சென்னையில் நடந்த தேசியப் போட்டியின் இறுதியில், மின்வாரிய வீராங்கனைகளை முதுகெலும்பாகக் கொண்ட கேரள மகளிர் அணி, பல்லாண்டு ராஜாவான இரயில்வேயைக் கவிழ்த்தது. இரண்டுமே ஒரே ஆட்டத்தில் தீர்ந்தவை. 35 சதவீத அணி 30 த்ரீ வீசினால் சராசரி பத்தரை விழ வேண்டும். ஆனால் எட்டு விழுவதும் பதின்மூன்று விழுவதும் அன்றாடம். அந்த வித்தியாசமே 15 புள்ளி. ஏழு ஆட்டத்தில் இது ஓரளவு சமனாகும், எதிரணியின் பழக்கத்தைப் படித்துத் திருத்தவும் நேரம் கிடைக்கும். ஒற்றை ஆட்டத்தில் திருத்த இடைவேளை மட்டுமே உண்டு. அதனால் நம் பயிற்சியாளருக்கு, எதிரணியை 30க்குப் பதில் 18 த்ரீயோடு நிறுத்துவது என்.பி.ஏ. பயிற்சியாளரைவிடப் பெரிய காப்பு. சீட்டு எப்படி விழும் என்பது கையில் இல்லாதவன் குலுக்கல்களின் எண்ணிக்கையையாவது குறைக்க வேண்டும்.

ஆனால் அந்த எண்ணிக்கையை யார் எழுதி வைக்கிறார்கள்? ஃபீபா ஸ்கோர்ஷீட்டைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும். ஓடும் புள்ளி வரிசையில், கூடை விழுந்தால் எண்ணின் மேல் சாய்கோடு. ஃப்ரீ த்ரோவுக்குக் கறுப்புப் புள்ளி. த்ரீ என்றால் ஆட்டக்காரரின் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். தவறிய வீச்சுக்கு அதில் குறியே இல்லை. பெரிய போட்டிகளில் தனியாகப் புள்ளிவிவரக் குழு உட்காரும். மாவட்ட, பள்ளிப் போட்டிகளில் அந்தத் தாள் மட்டும்தான் மிஞ்சும். ஆறு வட்டம் இருந்தால் ஆறு த்ரீ விழுந்தது தெரியும். அது பத்தில் ஆறா, முப்பதில் ஆறா என்று தெரியாது. முதலாவது என்றால் தடுப்பு சரியாக நடந்து எதிரணியின் கை சூடாக இருந்திருக்கிறது. இரண்டாவது என்றால் தடுப்பே இல்லாமல் தப்பித்திருக்கிறார்கள். தாளில் இரண்டும் ஒன்று. இந்த மலையடிவாரத்துப் பள்ளிகளில் ஜூன் மாதம் மழையோடு பயிற்சி தொடங்கும்போது, சிமென்ட் களம் ஈரமாக இருக்கிறது என்று வெளியே உட்கார வைக்கப்படும் பிள்ளைகளில் ஒருத்தியிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, விழுந்ததோ இல்லையோ, கோட்டுக்கு வெளியே வீசிய ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு, ஆள் பக்கத்தில் இருந்தால் அதன் குறுக்கே இன்னொரு கோடு போடச் சொல்லலாம். செலவு ஒரு பென்சில்.